மன்னார் வளைகுடா மாதிரிகளுக்கு எந்தப் பதிவு முறை?

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையின் பின்னறையில் மூன்று மர அலமாரிகள் நிறையக் கண்ணாடிக் குப்பிகள் இருக்கின்றன. நண்டு, நட்சத்திர மீன், சங்கு, கடல் முள்ளெலி, பெயர் தெரியாத புழுக்கள். முப்பது வருடமாக மாணவர்கள் மண்டபம், கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கமிருந்து கொண்டுவந்து சேர்த்தவை. போன மாதம் அவற்றை எடுத்துத் துடைத்து வைத்தபோது பாதிக் குப்பிகளில் சீட்டு வெளுத்துப்போயிருந்தது. சிலவற்றில் "நண்டு, மண்டபம்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. எந்த நாளில் எடுத்தது, எவ்வளவு ஆழம், யார் எடுத்தார்கள், யார் பார்த்துப் பெயர் சொன்னார்கள், எல்லாம் போய்விட்டது. அந்த உயிர்களைக் கொன்று கொண்டுவந்ததற்கு ஓர் அர்த்தம் இருந்திருக்க வேண்டும். சீட்டோடு அதுவும் அழிந்துவிட்டது.

இப்போது புதிதாக ஒரு பதிவேடு தொடங்கப்போகிறோம். ஒரு வருடத்தில் சுமார் 350 மாதிரிகள் என்பது திட்டம். இழுவலைப் படகுகளில் ஒதுக்கப்படும் சங்காயத்திலிருந்து ஒரு பகுதி, அனுமதியோடு செய்யும் கரையோரச் சேகரிப்பிலிருந்து மீதி. இதை எப்படிச் செய்வது என்பதில் துறைக்குள் நான்கு கருத்துகள். நான்கையும் எடைபோட்டுப் பார்த்து எழுதியதுதான் இது. கடலோரக் கல்லூரிகள் பலவற்றிலும் இதே கேள்வி இருக்கும் என்பதால் பொதுவில் வைக்கிறேன்.

முதல் வழி பழைய வழி. உருவத்தைப் பார்த்து, நுண்ணோக்கியில் வைத்து, நூல்களோடு ஒப்பிட்டுப் பெயரிடுவது. இதைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு கடல் அட்டையின் தோலை நுண்ணோக்கியில் பார்த்திருக்க மாட்டார்கள். தோலில் சின்னத் துண்டு வெட்டி ப்ளீச்சிங் திரவத்தில் போட்டால் சதை கரைந்து, கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு எலும்புத் துணுக்குகள் மிஞ்சும். மேசை மாதிரி சில, பொத்தான் மாதிரி சில, கோல் மாதிரி சில. எந்த வடிவங்கள் சேர்ந்து இருக்கின்றன என்பதை வைத்துத்தான் இனத்தைப் பிரிக்கிறார்கள். இதற்கு ஒரு கண்ணாடித் தகடும் ஐந்து நிமிடமும் போதும். மன்னார் வளைகுடா பற்றி நமக்கு இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கண்களால் வந்ததுதான். 1880களில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இராமேசுவரம் பக்கம் சேகரித்தவை, சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்ட குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய தொகுதி, இவற்றை இன்றும் புரட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஒரு நண்டு நிபுணருக்கு ஆம்ஃபிபாட் என்ற இறால் போன்ற குட்டி உயிரி தெரியாது, நத்தை நிபுணருக்குப் பாலிகீட் என்ற கடற்புழு தெரியாது. 350 மாதிரிகளில் குறைந்தது பன்னிரண்டு பெரும்பிரிவுகளாவது வரும். ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடிப் பதில் வாங்குவதற்குள் மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். குஞ்சுகள், இளம் பருவங்கள், வலையில் நசுங்கியவை இவற்றை எந்த நிபுணராலும் முழுதாகச் சொல்ல முடியாது. இறாலின் லார்வாவும் தாய் இறாலும் ஒன்றுபோலவா இருக்கின்றன?

இரண்டாவது வழி, ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக சாங்கர் முறையில் (ஒரு வினையில் ஒரே ஒரு டி.என்.ஏ துண்டைப் படிக்கும் முறை) டி.என்.ஏ பார்கோடு எடுப்பது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழு 2003இல் முன்வைத்த யோசனை இது. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியைப் படித்தால் பெரும்பாலான விலங்கினங்களைப் பிரித்துவிடலாம் என்றார்கள். இதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஃபோல்மர் பிரைமர்கள், அதாவது அந்தப் பகுதியின் இரு முனையிலும் ஒட்டும் குட்டி டி.என்.ஏ துண்டுகள், 1994லேயே வந்துவிட்டன. அவை முதுகெலும்பற்ற உயிரிகளுக்கென்றே உருவாக்கப்பட்டவை. திசுவிலிருந்து டி.என்.ஏ பிரித்து, பிசிஆர் செய்து (அந்தப் பகுதியை மட்டும் பல மடங்கு பெருக்கி), சுத்தம் செய்து, வெளியிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் டி.என்.ஏ எழுத்து வரிசை மின்னஞ்சலில் வந்துவிடும். எங்களிடம் ஒரு பிசிஆர் கருவியும் ஜெல் ஓட்டும் பெட்டியும் இருக்கின்றன. அதனால் இதைத் தொடங்க எந்தத் தடையும் இல்லை.

எந்தப் பிரிவுக்கு இது உதவும், எதற்கு உதவாது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நண்டு, இறால், பாலிகீட் புழு, கடல் நத்தை, ஓடில்லாக் கடல் நத்தை, இவற்றுக்கு சிஓஐ நன்றாக வேலை செய்யும். நட்சத்திர மீன், கடல் அட்டை போன்ற முட்தோலிகளுக்கும் வேலை செய்யும். ஆனால் ஃபோல்மர் பிரைமர் அவற்றில் அடிக்கடி தோற்றுப்போகும், முட்தோலிகளுக்கென்று தனியாக வடிவமைத்த பிரைமர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பவளங்களுக்கு வரும்போது கதையே வேறு. பவளங்கள், கடல் விசிறிகள், கடல் சாமந்திகள் அடங்கிய பிரிவில் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ மிக மெதுவாகவே மாறுகிறது. ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு வெவ்வேறு பவள இனங்களுக்கு எழுத்து மாறாமல் ஒரே பார்கோடு வரலாம். கடல் விசிறி, மென்பவளம் போன்ற எண்கரப் பவளங்களுக்கு எம்டி-மட்எஸ் என்ற வேறொரு மரபணு ஓரளவு கைகொடுக்கும். கல் பவளத்துக்கு எலும்புக்கூட்டைச் சுத்தம் செய்து, பவளக் கிண்ணத்தின் அமைப்பைப் பார்ப்பதுதான் இன்றும் முதல் படி. கடற்பஞ்சுகளிலும் சிஓஐ மெதுவாகத்தான் மாறும், அதோடு அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணுயிரிகளின் டி.என்.ஏவும் சேர்ந்து வந்து குழப்பும். பவளத்துக்கும் கடற்பஞ்சுக்கும் சிஓஐ பார்கோடு எடுத்துவிட்டு "இனம் உறுதியானது" என்று எழுதுவது தப்பு.

மாதிரியின் எந்த இடத்தில் திசு எடுக்கிறோம் என்பதும் முக்கியம். கடல் அட்டையில் குடலைத் தொடாதீர்கள், அங்கே அது தின்ற மணலில் இருந்த ஊரார் டி.என்.ஏ எல்லாம் இருக்கும். உடற்சுவரிலிருந்தோ வாயைச் சுற்றியுள்ள உணர்கரத்திலிருந்தோ சிறு துணுக்கு போதும். நத்தைக்குக் காலடித் தசை. கடல் மட்டிகளின் சில குடும்பங்களில் தாய்வழி, தந்தைவழி என இரண்டு மைட்டோகாண்ட்ரியாக்கள் தனித்தனியாகக் கடத்தப்படுகின்றன. இனப்பெருக்கச் சுரப்பியிலிருந்து திசு எடுத்தால் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் இரண்டு இனமாகத் தெரியலாம். நண்டு, இறால் வகைகளில் இன்னொரு ஆபத்து உண்டு. மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் பழைய நகல்கள் உட்கரு டி.என்.ஏவில் ஒட்டிக்கிடக்கும். பிசிஆர் சில சமயம் அவற்றையே பெருக்கிவிடும். வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்து நடுவில் நிறுத்தக் குறி வருகிறதா என்று பார்ப்பதுதான் எளிய சோதனை. அப்போது சரியான மரபுக் குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொது அட்டவணையில் டிஜிஏ என்பது நிறுத்தக் குறி, ஆனால் இந்த உயிரிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் அது டிரிப்டோஃபான். இது தெரியாமல் நல்ல வரிசைகளைக் குப்பையில் போட்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாங்கரின் பலம் அதன் எளிமை. வரிசையின் ஒவ்வொரு எழுத்துக்கும் வரைபடத்தில் ஒரு முகடு கண்முன்னே தெரியும், சந்தேகமான இடத்தை மாணவரோடு உட்கார்ந்து பார்க்கலாம். பலவீனம் செலவின் கணக்கு. பத்து மாதிரிக்கு ஒரு பங்கு என்றால் நூறு மாதிரிக்குப் பத்துப் பங்கு, குறைய வழியே இல்லை. 350 மாதிரியை இரு பக்கமும் படிக்க 700 வினைகள். அப்புறம் தோற்றவற்றை மறுபடி ஓட்ட வேண்டும்.

மூன்றாவது வழி நானோபோர். கையடக்கமான மின்அயான் கருவியில் நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒரே ஓட்டத்தில் படிக்கலாம். ஒவ்வொரு பிரைமரின் முனையிலும் 13 எழுத்தில் ஒரு அடையாளக் குறி ஒட்டியிருக்கும். முன்னோக்கி 20 குறி, பின்னோக்கி 20 குறி வாங்கினால் 400 சேர்க்கைகள் கிடைக்கும். எங்கள் 350 மாதிரிக்கு ஆளுக்கொரு சேர்க்கை கொடுத்தது போக, மாதிரியே இல்லாத வெற்றுக் குழாய்களை ஓட்டிச் சோதிக்க 50 மிச்சம். எல்லாப் பிசிஆர் பொருளையும் ஒரே குழாயில் கலந்து ஓட்டிவிட்டு, பிறகு கணினியில் குறிகளைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். தனித்தனி வாசிப்பில் பிழைகள் இருக்கும், ஆனால் ஒரு மாதிரிக்கு நூற்றுக்கணக்கான வாசிப்புகளை ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் பிழைகள் கழிந்துவிடும். இந்த வேலைக்கென்றே இலவச மென்பொருள் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. கடற்பஞ்சோடு நுண்ணுயிரியோ, நத்தையோடு அது தின்ற ஹைட்ராய்டோ கலந்து வந்தால் சாங்கரில் இரண்டு முகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எதையுமே படிக்க முடியாமல் போகும். நானோபோரில் அவை இரண்டும் தனித்தனி வாசிப்புகளாகவே வரும், எது விலங்கு, எது விருந்தாளி என்று பிரித்துவிடலாம். கடல் உயிரிகளுக்கு இது பெரிய வரம்.

சிக்கல்களும் உண்டு. கருவிக்குள் வைக்கும் வாசிப்புத் தகடு குளிர்பெட்டியில் குறிப்பிட்ட காலம்தான் தாங்கும். தேர்வு, விடுமுறை, மின்தடை என்று நாள் தள்ளினால் பணம் வீண். கணினியில் கட்டளை வரியில் வேலை செய்யத் தெரிந்த ஒருவர் கண்டிப்பாக வேண்டும். குறிகள் தவறிப்போய் ஒரு மாதிரியின் வரிசை இன்னொன்றின் பெயரில் விழுவதும் நடக்கும். வெற்றுக் குழாய்கள் இல்லாமல் இதை ஓட்டவே கூடாது.

இந்த வழியோடு சேர்ந்து வருவது வேலையைத் தலைகீழாகச் செய்யும் முறை. முதலில் எல்லா மாதிரிகளுக்கும் பார்கோடு, பிறகு ஒரே மாதிரியான வரிசைகளைக் குழுவாகப் பிரிப்பது, கடைசியில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு மூன்றை மட்டும் நிபுணரிடம் காட்டுவது. 350 மாதிரி 120 குழுவாக அமைந்தால், நிபுணர் 120 முடிச்சுகளைத்தான் அவிழ்க்க வேண்டும். நிபுணரின் நேரம்தான் இந்த முழு வேலையிலும் கிடைப்பதற்கு அரியது. அதை மிச்சப்படுத்தும் எந்த வழியும் எனக்குச் சம்மதம்.

நான்காவது கருத்து, கடல்நீரை வடிகட்டி அதில் கலந்திருக்கும் டி.என்.ஏவை மொத்தமாகப் படித்துவிடலாம் என்பது. நல்ல முறைதான், கண்காணிப்புக்கு. பதிவேட்டுக்கு ஆகாது. அதில் குப்பியும் இல்லை, விலங்கும் இல்லை. வந்த வரிசையை எதோடாவது ஒப்பிட்டால்தானே பெயர் தெரியும்? அந்த ஒப்பீட்டு நூலகத்தைக் கட்டுவதுதான் நாம் செய்யப்போகும் வேலை.

சரி, வரிசை கையில் வந்துவிட்டது. எங்கே வைப்பது? வரிசை எடுப்பதைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் அலமாரியில் நடந்த தப்பு இங்கேதான் மறுபடி நடக்கும்.

1982இல் தொடங்கிய ஜென்பேங்க் எல்லோருக்கும் தெரியும். அங்கே போட்டால் ஐரோப்பிய, ஜப்பானியத் தளங்களிலும் தானாகப் போய்ச் சேரும். கட்டுரை வெளியிட எண் உடனே கிடைக்கும். ஆனால் அங்குள்ள பெயரைத் திருத்தப் பதிவு செய்தவரால்தான் முடியும். ஒருவர் வேறொரு கடல் அட்டையின் வரிசையைத் தவறுதலாக வெள்ளை அட்டை, அதாவது ஹோலோதூரியா ஸ்கேப்ரா, என்று போட்டுவிட்டால், அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று பிழை குட்டி போட்டுக்கொண்டே போகும். படமோ முகடுக் கோப்போ இல்லாத பதிவுகள் அங்கே ஏராளம்.

போல்டு தளம் பார்கோடுக்கென்றே கட்டப்பட்டது. மாதிரியின் படம், சேகரித்த இடம், வைத்திருக்கும் நிறுவனம், பிரைமர், முகடுக் கோப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். வரிசைகளை அது தானாகக் குழுவாக்கி ஒவ்வொரு குழுவுக்கும் "பின்" (BIN) என்ற ஓர் எண் கொடுக்கும். பெயர் தெரியாத புழுவுக்கும் அந்த எண் கிடைத்துவிடும் என்பதுதான் இதன் அழகு. தூத்துக்குடியில் எடுத்த புழுவும் வேறொரு நாட்டில் எடுத்த புழுவும் ஒரே எண்ணில் வந்து விழுந்தால், பெயரே இல்லாமலும் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ஒரே எண்ணுக்குள் இரண்டு பெயர்கள் இருந்தால் முரண்பாடு உடனே கண்ணில் படும். போல்டில் சரிபார்த்த பிறகு அங்கிருந்தே ஜென்பேங்குக்கும் அனுப்பலாம். அதனால் இரண்டில் எது என்ற கேள்விக்கு என் பதில், போல்டு முதலில்.

ஜிபிஃப், ஓபிஸ் என்ற உலகளாவிய உயிரினப் பதிவுத் தளங்கள் இரண்டும் வேறு வேலைக்கு. எந்த உயிர், எங்கே, எப்போது என்ற செய்திதான் அங்கே மையம். ஓபிஸ் கடலுக்கு மட்டுமானது, 2000இல் தொடங்கிய கடல் உயிரினக் கணக்கெடுப்பில் பிறந்து இப்போது யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் இருக்கிறது. இரண்டும் டார்வின் கோர் என்ற ஒரே பத்தி அமைப்பை ஏற்கின்றன, ஒருமுறை அந்த வடிவில் எக்செல் தாளை அமைத்துவிட்டால் இரண்டுக்கும் போகும். பெயர்களை உலகக் கடல் இனப் பதிவேடான வோர்ம்ஸில் சரிபார்த்து அதன் எண்ணையும் ஒரு பத்தியில் சேர்க்க வேண்டும். நம்மூர்ச் சங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நூல்களில் ஜான்கஸ் பைரம் என்று இருக்கும், இன்றைய பெயர் டர்பினெல்லா பைரம். இரண்டும் ஒன்று என்று ஒரு மாணவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அந்த எண் சொல்லிவிடும். அரசு நிதியில் செய்த வேலை என்றால் 2022இல் ஃபரீதாபாத்தில் திறந்த இந்திய உயிரியல் தரவு மையத்திலும் வைக்க வேண்டியிருக்கும், நிதி தரும் துறையின் விதியைப் பாருங்கள்.

இந்தத் தரவை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்பது பற்றித் துறைக்குள் நிறைய வாக்குவாதம் நடந்தது. மாணவர்களின் உழைப்பை வேறு யாரோ காசாக்கிவிடுவார்களோ என்ற பயத்தில், வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை வேண்டும் என்றார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த நிபந்தனை போட்டால் பாடநூல் பதிப்பாளர் தயங்குவார், கரையோரத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுகிறவர் ஒதுங்குவார், விக்கிமீடியாவில் படங்களைச் சேர்க்கவே முடியாது. ஒரு துறைமுக விரிவாக்க அறிக்கையில் "இங்கே குறிப்பிடத்தக்க உயிரினங்கள் இல்லை" என்று எழுதப்படும்போது, அதை மறுக்கும் பதிவு யார் கைக்கும் எட்ட வேண்டும். அதனால் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமமே சரி. ஜிபிஃபில் ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் நிலையான எண் கிடைப்பதால், யார் எங்கே பயன்படுத்தினார்கள் என்பதும் தெரியவரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் திறந்த தரவுக்கு நான் வரம்பு போடுவேன். கடல் அட்டைகள் எல்லாமே 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் உரிமத்தோடு பிடிக்கலாம், இந்தப் பக்கம் பிடித்தால் சிறை. இந்த நிலையில் வெள்ளை அட்டை அடர்ந்திருக்கும் ஒரு கடற்புல் திட்டின் துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவது கடத்துகிறவனுக்கு வழி காட்டுவதுதான். பொதுப் பதிவில் இடத்தை 0.1 பாகைக்குச் சுருக்கினால் சுமார் 11 கிலோமீட்டர் கட்டமாகிவிடும். பரவல் வரைபடத்துக்கு அது போதும், திருட்டுக்குப் போதாது. சுருக்கியிருக்கிறோம் என்பதையும் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும், துல்லியமான இடம் கல்லூரிப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கும்.

அனுமதி விஷயத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியில்லாமல் அங்கே ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. சங்காயத்தில் தற்செயலாக வந்த கடல் அட்டையோ பவளத் துண்டோ கூட அட்டவணை உயிரிதான், "குப்பையிலிருந்துதானே எடுத்தோம்" என்பது சட்டத்தில் நிற்காது. மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறை இருக்கிறது. இந்தக் காரணத்துக்காகவே வரிசை எடுப்பதை உள்நாட்டிலேயே வைத்துக்கொள்வது நிம்மதி. புதிய இனம் என்று உறுதியானால் அதன் மாதிரியை அரசு அறிவித்த களஞ்சியம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும், அது 2002 பல்லுயிர்ச் சட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு நான் துறைக்குச் சொன்னது இதுதான். 350 மாதிரி என்பதால் நானோபோர். தோற்றுப்போகும் மிச்சத்துக்கும், எம்டி-மட்எஸ் போன்ற வேறு மரபணுக்களுக்கும் சாங்கர். வருடத்துக்கு ஐம்பது அறுபது மாதிரிதான் என்றால் நானோபோர் பக்கம் போகவே வேண்டாம், சாங்கர் போதும். கல் பவளமும் கடற்பஞ்சும் உருவம் பார்த்தே பதிவாகட்டும், திசுவை மட்டும் எத்தனாலில் எடுத்து வைப்போம், நல்ல மரபணுக் கருவி வரும்போது உதவும்.

ஆனால் பணத்தில் முதல் பங்கு வரிசைக்குப் போகக் கூடாது. 95 சதவீத எத்தனால், நல்ல மூடியுள்ள குப்பிகள், மை அழியாத தாள், ஒரு நல்ல கேமரா, இவற்றுக்குத்தான் முதலில். விலங்கை உயிரோடு இருக்கும்போதே படமெடுக்க வேண்டும், எத்தனாலில் போட்ட மறுநாள் ஓடில்லா நத்தையின் நிறம் போய்விடும். மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மயக்கிவிட்டுப் பதப்படுத்தினால் சுருண்டு போகாது. எத்தனாலை ஒரு நாள் கழித்து ஒருமுறை மாற்ற வேண்டும், விலங்கின் உடம்பிலிருந்து நீர் கலந்து அது நீர்த்திருக்கும். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், அது டி.என்.ஏவைச் சிதைக்கும், நாள்பட்டு அமிலமாகிக் கடல் அட்டையின் சுண்ணாம்புத் துணுக்குகளையும் கரைத்துவிடும். குப்பிக்குள் பென்சிலால் எழுதிய எண், திசுக் குழாயில் அதே எண், படத்தின் கோப்புப் பெயரில் அதே எண், போல்டிலும் ஜிபிஃபிலும் அதே எண். பத்து வருடம் கழித்து யாராவது எங்கள் பெயரைச் சந்தேகித்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நேரே வந்து குப்பியைத் திறந்து பார்க்க முடிய வேண்டும்.

பழைய ஃபார்மலின் குப்பிகளுக்கு வரிசை எடுக்கப்போவதில்லை. ஆனால் சீட்டில் இன்னும் படிக்க முடிகிற ஒவ்வொன்றையும் படமெடுத்து, உள்ளதை உள்ளபடி தட்டச்சு செய்து, நாள் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதி ஜிபிஃபில் ஏற்றுகிறோம். இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவர் முதல் அலமாரியின் மேல் தட்டிலிருந்து இதைத் தொடங்கிவிட்டார்கள். நேற்று வரை 64 குப்பிகள் முடிந்திருக்கின்றன.